பெட்ரோலிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் வினையூக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுத்திகரிப்பு ஆலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் வேதிப்பொறியியல் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு, குறிப்பாக ஆக்டேன் (இன்ஜினில் பெட்ரோல் முன்கூட்டியே தட்டி வெடிக்காமல் தாங்கும் திறன்) பற்றி வரும் டீசல் ஒப்பீட்டுக் கேள்விக்கு, கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும். இந்தத் துறையின் கஷ்டமெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்தான் இருக்கிறது.

பெட்ரோலுக்குள் கந்தகம் எப்படி வந்தது? யாராவது கலக்கிறார்களா?

யாரும் கலப்பதில்லை. கச்சா எண்ணெயோடு சேர்ந்தே வருகிறது. எண்ணெய் பூமிக்கடியில் உருவான காலத்திலேயே கந்தகம் அதன் மூலக்கூறுகளுக்குள் புகுந்துவிட்டது. எந்த வயலிலிருந்து எடுத்த எண்ணெய் என்பதைப் பொறுத்து, எடையில் நூற்றுக்கு 0.1 பங்குக்கும் குறைவாக இருக்கலாம், 3 பங்கைத் தாண்டியும் இருக்கலாம்.

பெட்ரோலில் அது தனிக் கந்தகமாக மிதப்பதில்லை. கரிமச் சேர்மங்களாக இருக்கிறது. மூக்கைத் துளைக்கும் நாற்றம் கொண்ட மெர்காப்டன்கள், சல்ஃபைடுகள், நான்கு கார்பனும் ஒரு கந்தகமும் வளையமாகக் கோத்த தயோஃபீன், அதன் மீது கிளைகள் முளைத்த மெத்தில் தயோஃபீன் வகைகள், கனமான பென்சோதயோஃபீன் ஆகியவைதான் முக்கியமானவை.

இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுவிடும்?

எரியும்போது சல்ஃபர் டைஆக்சைடாகிக் காற்றில் கலக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில். அதைவிடப் பெரிய காரணம் வண்டியின் புகைக்குழாயில் இருக்கிறது. அங்கே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரு வினையூக்கி மாற்றி உண்டு. கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், எரியாத எரிபொருள் ஆகிய மூன்றையும் குறைப்பது அதுதான். கந்தகம் அந்த உலோகங்களின் மேல் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். அதனால் எரிபொருளில் கந்தகத்தைக் குறைத்தால் கந்தகப் புகை மட்டுமல்ல, மற்ற மூன்று மாசுகளும் சேர்ந்து குறைகின்றன. ஏற்கெனவே சாலையில் ஓடும் பழைய வண்டிகளிலும் இந்தப் பலன் கிடைக்கும்.

10 பிபிஎம் என்கிறார்களே, அது எவ்வளவு?

பத்து லட்சத்தில் 10 பங்கு, அதாவது ஒரு கிலோ பெட்ரோலில் 10 மில்லிகிராம் கந்தகம். 50 லிட்டர் தொட்டியை நிரப்பினால் உள்ளே இருக்கும் பெட்ரோலின் எடை சுமார் 37 கிலோ. 10 பிபிஎம் அளவில் அதிலுள்ள கந்தகம் 0.37 கிராம், ஒரு சிட்டிகை. 1000 பிபிஎம் என்றால் அதே தொட்டியில் 37 கிராம் இருக்கும், கை நிறைய அள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதலும், அமெரிக்கா ஆண்டுச் சராசரியாக 2017 முதலும், இந்தியா 2020 ஏப்ரல் முதலும் 10 பிபிஎம் வரம்பை வைத்திருக்கின்றன.

பெட்ரோலின் எல்லாப் பகுதியிலும் கந்தகம் ஒரே அளவில்தான் இருக்குமா?

இல்லை, இதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. பெட்ரோல் ஒரே குழாயிலிருந்து வருவதல்ல; பல ஓடைகளைக் கலந்து செய்வது. மூலக்கூறுகளை மாற்றியமைத்து ஆக்டேனை ஏற்றும் ரிஃபார்மரிலிருந்து வருவதிலும், நேர்ச்சங்கிலிகளைக் கிளைத்தவையாக்கும் ஐசோமரைசேஷன் அலகிலிருந்து வருவதிலும் கந்தகம் கிட்டத்தட்ட இருக்காது. கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைக்கும், எஃப்சிசி என்று சொல்லும் அலகிலிருந்து வரும் பெட்ரோலில்தான் எல்லாம் குவிந்திருக்கிறது. பல ஆலைகளில் மொத்தக் கலவையில் எஃப்சிசி பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஆனால் கந்தகத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் அதிலிருந்தே வருகிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த ஓடையைப் பற்றித்தான் பேசுகிறது.

வினையூக்கியைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்?

பெட்ரோலை ஹைட்ரஜனோடு சேர்த்து, வினையூக்கி நிரப்பிய சூடான உலைக்குள் செலுத்தினால் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகப் பிரியும்; அந்த வினையூக்கியைத்தான் கேட்கிறீர்கள். ஒடித்த பென்சில் முனைகள் போன்ற சிறு குச்சிகள். தடிமன் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பல தயாரிப்புகளில் மூன்று இதழ் கொண்ட வடிவம் தெரியும். திரவம் உள்ளே வரை போக வழி கிடைக்கட்டும் என்பதற்காக அப்படி. உருண்டைகளாகவும் கிடைக்கும். கோபால்ட்-மாலிப்டினம் வகை புதிதாக இருக்கும்போது நீல நிறத்தில் இருக்கும். நிக்கல்-மாலிப்டினம் வகை வெளிர் பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சை. வேலை செய்யத் தொடங்கிய பின் இரண்டுமே கன்னங்கரேல் என்று ஆகிவிடும்.

உடம்பு முழுக்க அலுமினா. நுண்துளைகள் நிறைந்த பொருள் என்பதால் ஒரு கிராமுக்குள் 200 முதல் 300 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். பொதுவான வகைகளில் அந்தப் பரப்பின் மேல் மாலிப்டினம் ஆக்சைடு எடையில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை, கோபால்ட் ஆக்சைடு 3 முதல் 5 வரை இருக்கும். எஃப்சிசி பெட்ரோலுக்கென்றே செய்யும் வகைகளில் உலோகத்தை வேண்டுமென்றே குறைத்துப் போடுவதுண்டு. ஏன் என்று கீழே வருகிறது.

அது கறுப்பாவது ஏன்? கெட்டுப்போகிறதா?

கெட்டுப்போகவில்லை, அப்போதுதான் வேலைக்குத் தயாராகிறது. ஆக்சைடு வடிவத்தில் வருவதை சல்ஃபைடாக மாற்றியாக வேண்டும். கந்தகத்தை நீக்கும் வினையூக்கிக்கு முதலில் கந்தகத்தைத்தான் ஊட்ட வேண்டும் என்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். உண்மை அதுதான்.

பெரும்பாலான ஆலைகளில் டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற திரவத்தை எண்ணெயோடு கலந்து, ஹைட்ரஜனுடன் சேர்த்து உலைக்குள் செலுத்துவார்கள். அது உள்ளே உடைந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்சைடோடு சேர்ந்து சல்ஃபைடையும் தண்ணீரையும் உண்டாக்கும். குளிர்ந்த பிரிகலனின் அடியில் அந்தத் தண்ணீர் மட்டம் மெல்ல மெல்ல ஏறுவதை மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பார்த்துக்கொண்டு நிற்பது நீண்ட வேலை. எத்தனை லிட்டர் தண்ணீர் வர வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்போம். வந்த தண்ணீரை வடித்து அளந்தால் உள்ளே எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. உலையின் வெளிவாயிலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தென்படும்வரை வெப்பநிலையைச் சுமார் 230 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றக்கூடாது. அவசரப்பட்டு ஏற்றினால் கந்தகம் வந்து சேர்வதற்குள் வினையூக்கியின் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை ஹைட்ரஜன் பறித்துவிடும். அப்படி ஆக்சிஜனை இழந்த பகுதி பிறகு எளிதில் சல்ஃபைடாக மாறாது. முதல் நாள் அவசரத்துக்கு அடுத்த சில ஆண்டுகள் விலை கொடுக்க வேண்டிவரும்.

அந்தக் கறுப்புப் பொருளில் வேலை எந்த இடத்தில் நடக்கிறது?

மாலிப்டினம் சல்ஃபைடு மெல்லிய தகடுகளாக இருக்கும். கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என மூன்று அடுக்கு சேர்ந்தது ஒரு தகடு. தகட்டின் நீளம் சில நானோமீட்டர். அதன் அகன்ற முகம் கிட்டத்தட்ட மந்தமானது. இதே பொருளை உராய்வு குறைக்கும் மசகாகப் பயன்படுத்துவதும் அந்த வழுக்கும் முகத்துக்காகத்தான். வேலை நடப்பது விளிம்பில். விளிம்பில் ஒரு கந்தக அணு ஹைட்ரஜனோடு கிளம்பிப் போனால் அங்கே ஒரு காலியிடம் விழும். தயோஃபீன் தன் கந்தகத்தால் அந்தக் காலியிடத்தைப் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜன் வந்து கார்பன்-கந்தகப் பிணைப்பை அறுக்கும். கார்பன் பகுதி விடுபட்டுப் போக, கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேற, இடம் மறுபடி காலி.

கோபால்ட் எங்கே வருகிறது? விளிம்பில் மாலிப்டினத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கந்தகம் எளிதாகக் கழன்றுபோக உதவுகிறது. இதை டென்மார்க்கில் ஹென்ரிக் டாப்சோவும் அவருடன் பணியாற்றியவர்களும் மோஸ்பவர் நிறமாலை (காமா கதிர் கொண்டு அணுவின் சூழலை அறியும் முறை) மூலம் காட்டினார்கள். அப்புறம் 2000-ஆம் ஆண்டை ஒட்டி, ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் தங்கத்தின் மேல் வளர்த்த மாலிப்டினம் சல்ஃபைடுத் துணுக்குகளை அணுவணுவாகப் படம் பிடித்தார்கள். அவை முக்கோணங்களாகத் தெரிந்தன, விளிம்பு மட்டும் பளிச்சென்று. பல பத்தாண்டுகளாக டன் கணக்கில் பயன்படுத்திய ஒரு பொருளின் முகத்தை அப்போதுதான் மனிதர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

டீசலிலும் கந்தகத்தை எடுக்கிறார்கள். அதே முறையை இங்கேயும் வைத்தால் ஆகாதா?

கந்தகம் போய்விடும். பெட்ரோலும் பாழாகிவிடும்.

எஃப்சிசி பெட்ரோலில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை ஓலிஃபின்கள், அதாவது இரட்டைப் பிணைப்பு கொண்ட மூலக்கூறுகள், இருக்கும். ஹைட்ரஜனையும் நல்ல வீரியமுள்ள வினையூக்கியையும் ஒன்றாக வைத்தால் ஓலிஃபினும் ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு, இரட்டைப் பிணைப்பே இல்லாத பாரஃபினாக மாறும். 1-ஹெக்சீனின் ஆராய்ச்சி ஆக்டேன் எண் 76. அது ஹைட்ரஜன் ஏற்று நார்மல் ஹெக்சேனானால் 25. ஒரே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்ந்ததற்கு இத்தனை வீழ்ச்சி. கிளைத்த ஓலிஃபின்களில் இழப்பு குறைவு. 2-மெத்தில்-2-பியூட்டீன் 97, அதிலிருந்து வரும் ஐசோபென்டேன் 92. ஆனால் கலவையில் நேர்ச்சங்கிலிகளும் நிறைய இருக்கின்றனவே.

டீசலுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே ஹைட்ரஜன் கூடுதலாக ஏறினால் சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு) உயரும், லாபம்தான். பெட்ரோலில் கந்தகத்தைத் தொட வேண்டும், பக்கத்திலிருக்கும் இரட்டைப் பிணைப்பைத் தொடக்கூடாது. எடுப்பது பெரிய வித்தையல்ல, மற்றதைக் கலைக்காமல் எடுப்பதுதான் வித்தை. ஒரு வினையூக்கி நல்லதா என்று கேட்டால், எவ்வளவு கந்தகத்தை எடுத்தது என்பதைவிட, அதை எடுக்கும்போது எவ்வளவு ஓலிஃபினைக் காப்பாற்றியது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கந்தகம் நீங்கும் வேகம் மீதமிருக்கும் கந்தகத்தின் அளவை ஒட்டியே இருக்கும். அதனால் 1000 பிபிஎம்மிலிருந்து 100-க்கு இறக்க எவ்வளவு நேரம் வினையூக்கியோடு தொடர்பு வேண்டுமோ, 100-லிருந்து 10-க்கு இறக்கவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் வேண்டும். முதல் கட்டத்தில் போவது 900, அடுத்த கட்டத்தில் போவது வெறும் 90. ஆனால் ஓலிஃபின் இரண்டு கட்டத்திலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். வரம்பு 30-லிருந்து 10-க்கு வந்தபோது ஆலைகள் ஏன் அவ்வளவு திணறின என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, ஓலிஃபினைக் காப்பாற்ற என்ன செய்கிறார்கள்?

பல வழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

முதலாவது, இயற்கையே கொடுத்த வசதி. எஃப்சிசி பெட்ரோலின் லேசான பகுதியில் ஓலிஃபின் அதிகம், கந்தகம் குறைவு. கனமான பகுதியில் தலைகீழ். தயோஃபீனின் கொதிநிலை 84 டிகிரி. அதற்குக் கீழே வெட்டிப் பிரித்தால் லேசான பகுதியில் மெர்காப்டன்கள்தான் பெரும்பாலும் மிஞ்சும். எத்தில் மெர்காப்டன் 35 டிகிரியிலேயே கொதிக்கும். அதை எப்படி அகற்றுவது? பிரிப்பதற்கு முன்பே ஒரு சிறிய உலையில், பெரும்பாலும் நிக்கல் அடிப்படையிலான வினையூக்கியின் மேல், மிதமான வெப்பத்தில் ஓட்டுவார்கள். அங்கே மெர்காப்டன் ஓலிஃபின்களோடு சேர்ந்து கனமான சல்ஃபைடாகிவிடும். கந்தகம் நீங்கவில்லை, எடை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு கொதிக்கவைத்து வடித்துப் பிரிக்கும்போது அது தானாகக் கனமான பகுதிக்குள் விழுந்துவிடும். லேசான பகுதி கந்தகம் நீக்கும் பெரிய உலையைக் காணாமலேயே சுத்தமாக வெளியே வரும். இந்தத் தந்திரத்தை யோசித்தவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன்.

அதே சிறிய உலை இன்னொரு தொல்லையையும் தீர்க்கிறது. இரண்டு இரட்டைப் பிணைப்பு கொண்ட டைஓலிஃபின்கள் சூடானால் ஒன்றோடொன்று பின்னிப் பிசினாகும். உலையின் மேல்தட்டில் அந்தப் பிசின் படிந்து அழுத்த இழப்பு ஏறி, நல்ல வினையூக்கியையே நிறுத்த வேண்டிய நிலை வரும். அவற்றை முன்னதாகவே ஒற்றை இரட்டைப் பிணைப்பாகக் குறைத்துவிடுவார்கள். போகிற போக்கில் சில ஓலிஃபின்களில் இரட்டைப் பிணைப்பு ஓரத்திலிருந்து உள்ளே நகரும். அதனால் ஆக்டேன் சற்று ஏறவும் செய்யும்.

கனமான பகுதி மட்டும் கோபால்ட்-மாலிப்டினம் உலைக்குப் போகும். அழுத்தம் டீசலுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு, பெரும்பாலும் 15 முதல் 30 பார். வெப்பம் 250 முதல் 320 டிகிரி வட்டாரம். நிக்கல்-மாலிப்டினம் ஓலிஃபினில் ஹைட்ரஜனை அதிகமாக ஏற்றிவிடும் என்பதால் இங்கே கோபால்ட்டுக்கே முதலிடம். துளை அகலமான அலுமினா, குறைந்த உலோகம், சிலவற்றில் கார உலோகத் துளி என்று ஓலிஃபின் பக்கம் போகும் வீரியத்தை மட்டும் அடக்கப் பார்க்கிறார்கள்.

ஆக்சன்ஸின் பிரைம்-ஜி பிளஸ், எக்ஸான்மொபிலின் ஸ்கேன்ஃபைனிங், வடிகலத்துக்குள்ளேயே வினையூக்கியை வைக்கும் சிடிஹைட்ரோ-சிடிஎச்டிஎஸ் ஆகியவை இந்த வழியில் பெயர் பெற்றவை.

உலையில் கந்தகம் போய்விட்டது, ஆனால் வெளியே வரும் பெட்ரோலில் மெர்காப்டன் இருக்கிறதே?

புதிதாக உண்டானது. தயோஃபீனிலிருந்து பிரிந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு, வெளிவாயிலுக்கு வரும் வழியில் மிச்சமிருக்கும் ஓலிஃபினைப் பிடித்து மெர்காப்டனாக மாறிவிடும். ஓலிஃபினைக் காப்பாற்றக் காப்பாற்ற இந்தத் தொல்லையும் கூடும். ஆகவே உலைக்குத் திரும்பச் சுற்றி வரும் ஹைட்ரஜன் வாயுவை, ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிடித்துக்கொள்ளும் அமீன் கரைசலில் நன்றாகக் கழுவி ஹைட்ரஜன் சல்ஃபைடை அடியோடு எடுப்பது இங்கே மிக முக்கியம். அப்படியும் 10 பிபிஎம் எட்டவில்லை என்றால் இரண்டு உலைகள் வைத்து, நடுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றுவார்கள். வினையூக்கி சரியில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் அமீன் கழுவியைச் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை.

மெராக்ஸ் அலகும் கந்தகத்தை நீக்குவதுதானே?

பாதி சரி. கோபால்ட் தாலோசயனின் வினையூக்கியையும் காற்றையும் காரத்தையும் கொண்டு மெர்காப்டனை டைசல்ஃபைடாக மாற்றுவது மெராக்ஸ். பிரித்தெடுக்கும் முறையில் கந்தகம் காரத்தோடு வெளியேறும். 'இனிமையாக்கும்' முறையிலோ டைசல்ஃபைடு பெட்ரோலிலேயே தங்கிவிடும். நாற்றம் போகும், அரிப்பு குறையும், மொத்தக் கந்தகம் அப்படியே இருக்கும். தயோஃபீனை இரண்டுமே தொடாது. நாற்றம் போனதைக் கந்தகம் போனதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடே உண்டாகாத வழி இருக்கிறதா?

இருக்கிறது. எஸ்-சார்ப் என்ற முறையை ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் உருவாக்கியது. முதல் வணிக அலகு 2001-இல் டெக்சாஸின் போர்ஜரில் ஓடத் தொடங்கியது. 2007-இல் சீனாவின் சினோபெக் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது.

இங்கே இருப்பது துத்தநாக ஆக்சைடின் மேல் நிக்கல். நிக்கல் மூலக்கூறிலிருந்து கந்தகத்தைப் பறித்துத் துத்தநாகத்திடம் கொடுக்கும். துத்தநாக ஆக்சைடு துத்தநாக சல்ஃபைடாகும். கந்தகம் திடப்பொருளுக்குள் சிறைப்படுவதால், மறுபடி ஓலிஃபினோடு சேர வழியில்லை. ஆக்டேன் இழப்பு குறைவாக இருப்பது இதன் பெரிய பலம். நிரம்பிய துகள்களை இன்னொரு கலத்துக்கு ஏற்றிக் காற்றில் எரித்தால் சல்ஃபர் டைஆக்சைடு பிரிந்து துத்தநாக ஆக்சைடு திரும்பக் கிடைக்கும். கண்டிப்பாகச் சொன்னால் இது வினையூக்கி மட்டுமல்ல, உறிஞ்சியும்கூட. துகள்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருப்பதால் தேய்ந்து பொடியாவது இதன் தலைவலி.

எஃப்சிசி உலைக்குள்ளேயே கந்தகத்தைக் குறைக்க முடியாதா?

ஓரளவு முடியும். எஃப்சிசி வினையூக்கியோடு சேர்க்கும் துணைப்பொருட்கள் தயோஃபீன் வகைகளை அங்கேயே உடைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். 10 பிபிஎம்முக்கு அது மட்டும் போதாது; பின்னால் இருக்கும் உலையின் சுமை குறையும். இல்லையென்றால் எஃப்சிசிக்குள் போகும் கனமான எண்ணெயையே முன்கூட்டி ஹைட்ரஜனால் சுத்தம் செய்யலாம். உயர் அழுத்த அலகு என்பதால் செலவு அதிகம், ஆனால் பெட்ரோல் விளைச்சலும் கூடும்.

ரிஃபார்மருக்குப் போகும் நாப்தாவுக்கும் இதே வினையூக்கியா?

அதே குடும்பம், ஆனால் வேலை மிகச் சுலபம். கச்சா எண்ணெயிலிருந்து நேராக வடித்த நாப்தாவில், அதாவது பெட்ரோல் அளவுக்கு லேசான பகுதியில், ஓலிஃபின் இல்லை. கவலையில்லாமல் எல்லாவற்றையும் எடுக்கலாம். எடுத்தே ஆகவும் வேண்டும். ரிஃபார்மரின் பிளாட்டினம்-ரேனியம் வினையூக்கிக்கு 0.5 பிபிஎம்முக்கும் கீழே கேட்பார்கள்.

வினையூக்கி எத்தனை நாள் உழைக்கும்? எதனால் செத்துப்போகும்?

நன்றாக நடத்தினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மெல்ல மெல்லக் கரி படியும். வீரியம் குறையக் குறைய வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி ஈடுகட்டுவார்கள். கரியால் ஓய்ந்ததைக் கட்டுப்பாடான காற்றில் எரித்து மீட்கலாம்.

சிலிக்கனும் ஆர்செனிக்கும் அப்படியல்ல. மிகக் கனமான எண்ணெயைச் சூட்டால் உடைக்கும் கோக்கர் அலகில் நுரை அடக்க சிலிகோன் ஊற்றுகிறார்கள். அது வெப்பத்தில் உடைந்து, கோக்கர் நாப்தாவோடு வந்து, அலுமினாவின் மேல் சிலிக்காவாக உறைந்துவிடும். எரித்தாலும் போகாது. கோக்கர் நாப்தாவைக் கலக்கும் ஆலையில் நுரையடக்கி எவ்வளவு ஊற்றினார்கள் என்ற குறிப்பேட்டை வினையூக்கிப் பொறியாளர் வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

எடுத்த கந்தகம் எங்கே போகிறது?

அமீன் பிடித்த ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளாஸ் அலகுக்குப் போகும். 1883-இல் கார்ல் ஃபிரீட்ரிக் கிளாஸ் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல் அது. மூன்றில் ஒரு பங்கை எரித்து சல்ஃபர் டைஆக்சைடாக்கி, மீதியோடு அலுமினா வினையூக்கியின் மேல் சேர்த்தால் மஞ்சள் கந்தகமும் நீராவியும் கிடைக்கும். அந்தக் கந்தகம் சல்ஃப்யூரிக் அமிலமாகி, பெரும்பாலும் உரத் தொழிலுக்குப் போய்ச் சேர்கிறது.

ஓய்ந்த வினையூக்கியை என்ன செய்வது? இறக்குவது ஆபத்தா?

மாலிப்டினமும் கோபால்ட்டும் விலையுள்ள உலோகங்கள் என்பதால் வறுத்துக் கரைத்து மீட்டெடுக்கும் நிறுவனங்களுக்கு அனுப்பலாம். குப்பையில் கொட்டவே கூடாது; பல நாடுகளின் சட்டத்தில் அது அபாயக் கழிவு.

இறக்குவது உண்மையிலேயே ஆபத்தான வேலை. சல்ஃபைடும் கூடவே படிந்த இரும்பு சல்ஃபைடும் காற்றுப் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் உலையை நைட்ரஜனால் நிரப்பி வைத்துத்தான் இறக்குவார்கள். அந்த நைட்ரஜனுக்கு நிறமோ மணமோ கிடையாது. குனிந்து எட்டிப் பார்த்தவர் இரண்டொரு மூச்சில் நினைவிழந்து விழுவார். காப்பாற்றப் போனவரும் பக்கத்தில் விழுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிச்சமிருந்தால், அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமலே போகும். நிக்கல் உள்ள வினையூக்கியாக இருந்தால், குளிர்விக்கும்போது வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று அளந்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நிக்கல் கார்போனைல் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். வெளியிலிருந்து மூச்சுக்காற்று வரும் தலைக்கவசம், அது அறுந்தால் கைகொடுக்க இன்னொரு காற்று வழி, மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் காவல் ஆகிய மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் யார் சொன்னாலும் உள்ளே இறங்காதீர்கள்.